காப்பி குடித்தால் ஸ்டார்ட் ஆகும் கார்

எங்கள் அண்ணாச்சியின் மகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை ஊர்வலம் வருவதற்கென்று அண்ணாச்சி ஒரு காரைப் போனிலேயே விலை பேசி வாங்கிவிட்டார். கார் இருந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் கிணத்துக்கடவில். நாங்கள் இருந்தது தூத்துக்குடியில். “போயி எடுத்துட்டு வாடே செல்லையா” என்று சொல்லிவிட்டு அவர் பந்தல்காரனோடு சண்டை போடப் போய்விட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

மதுரைக்கு மேற்கே அதுவரை நான் போனதில்லை. சிங்கப்பூர் போகிறவன் எடுத்துப்போகிற அளவுக்குச் சாமான் எடுத்துப்போனேன். இரண்டு சட்டை, வயிற்றுவலி மாத்திரை, தலைவலி மாத்திரை, இரண்டும் சேர்ந்து வந்தால் போட வேறொரு மாத்திரை, ஒரு டார்ச் லைட், அந்த டார்ச் லைட் எரியாவிட்டால் ஒரு மெழுகுவர்த்தி.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அண்ணாச்சியின் அம்பாசடரை ஓட்டுகிறேன். அது இருமினாலே எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். வரப்போகிறதோ கார்புரேட்டர் இல்லாத கார், உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் காருக்குப் படித்த டிரைவராகப் பார்க்கலாமே என்று அண்ணாச்சியின் மைத்துனர் என் காதுபடவே சொல்லியிருந்தார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இந்தக் காரைக் கொண்டுவந்து, மாப்பிள்ளையை ஏற்றி, ஊரைச் சுற்றி இறக்கிவிட்டால் என் வேலை எனக்கு. நடுவில் நின்றால் மைத்துனருக்கு ஜெயம்.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இறங்கி லாட்ஜில் பையை வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். “ஏனுங்க, படியில நிக்கறவங்க கொஞ்சம் மேல வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க” என்றார் கண்டக்டர். யாரோ பெரிய மனுஷரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னிடம்தான். எங்கள் ஊர்க் கண்டக்டர் “உள்ள போ மூதி” என்பார். கேட்டால் நமக்கும் பதிலுக்குப் பேசத் தெம்பு வரும். இப்படிப் பணிவாகப் பேசுகிறவர்களிடம் எதைக் கேட்டு எதை மறுப்பது?

கிணத்துக்கடவில் காரை விற்ற சென்னியப்பன் அறுபது வயதுத் தென்னந்தோப்புக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மீசைகூட வெள்ளை. நான் காரைப் பார்க்கப் போனேன், அவர் என்னை இலையைப் பார்க்க வைத்தார். அவருடைய மனைவி அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நெய் ஊற்றி, நிறுத்தச் சொல்வேன் என்று காத்திருந்து, நான் நிறுத்தச் சொன்ன பிறகும் ஊற்றினார். மீன் இல்லாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கார் தோப்பு மரத்தடியில் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கருநீலம். ஒரு கீறல் இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தகராறு பண்ணியதில்லை என்றார் சென்னியப்பன். இவ்வளவு சாப்பாடு போட்டு அனுப்புகிறாரே, என்ன கோளாறோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பி அரைமணி நேரத்தில் அது தெரிந்தது. கோயம்புத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோதே என்ஜின் அணைந்தது. இருமல் இல்லை, விக்கல் இல்லை. யாரோ சுவிட்சைத் தட்டியது போல. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. ரோட்டோர வீட்டிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார். வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். பிறகு, வெறும் மோரோடு எப்படி அனுப்புவது என்று காப்பியும் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை குழந்தைகள், மூத்தவனுக்கு ஏன் இன்னும் வேலை இல்லை என்பதெல்லாம் பேசிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். பட்டென்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த அம்மாவின் கைராசி என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காந்திபுரத்தில் கார் புரோக்கரிடம் காரின் காகிதங்களை வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். முக்கால் மணி நேரம் ஓடியது. சூலூர் தாண்டி நின்றது. பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். மெக்கானிக் வந்தார், வணக்கம் சொன்னார், நின்ற காரைப் பார்த்தார், வியர்த்த என்னைப் பார்த்தார். “காரு எங்கீங்க போயிரப்போகுது. மொதல்ல காப்பி குடிங்க” என்றார். காப்பி வரச் சற்று நேரமாகியது, ஆறச் சற்று நேரமாகியது, குடித்து முடித்து அவர் பானெட்டைத் திறந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லைங்க, பெட்ரோலில் தண்ணி இருந்திருக்கும் என்றார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் அடுத்த இடத்தில் நின்றது. அங்கே இன்னொரு மெக்கானிக். அவர் காப்பியோடு முறுக்கும் கொடுத்தார். கார் ஸ்டார்ட் ஆனது. பில்டரை மாற்றிப்போட்டார். மூன்றாவது மெக்கானிக் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். அப்படியானால் பழம் சரியில்லை என்றார். அவர் இளநீர் வெட்டினார், கார் ஓடியது.

இப்படி மூன்று இடத்தில் உபசாரம் பெற்று, நான் கடந்த தூரம் ஒரு சைக்கிள்காரன் கடக்கிற தூரம். வியாழக்கிழமை ஊர்வலம் மனசில் ஓடியது. நாதசுரத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில், காற்றே படாமல் ஒன்றரை மணி நேரம் இது ஓடவேண்டும். பெண் வீட்டு வாசலுக்கு நாலு வீடு முன்னால் நிற்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எந்த வீடு என்பதுகூடத் தெரிந்தது. காரைத் திருப்பிக்கொண்டு, வழியில் இன்னும் இரண்டு காப்பி குடித்து, கோயம்புத்தூருக்கே வந்துவிட்டேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் கோளாறைக் கேட்கவில்லை, எப்போது வருகிறாய் என்பதை மட்டும் நாலு விதமாகக் கேட்டார். அடுத்து சென்னியப்பனைக் கூப்பிட்டேன். இலை போட்டு ஏமாற்றிவிட்டீர்களே என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். அவர், “நாளைக்குக் காத்தால நானே வாரேனுங்க” என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் லாட்ஜ் வாசலில் நின்றார். கையில் பை நிறையத் தேங்காய். முகம் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர் போல இருந்தது. தான் தெரிந்து ஒரு குறையை மறைத்து விற்றதாகப் பேர் வந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, நல்ல மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுவோம், குறை இருந்தால் காரைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அதுவும் பயம். கார் இல்லாமல் ஊருக்குப் போனால் மாப்பிள்ளையை எதில் ஏற்றுவது, என் தோளிலா?

அவர் கூட்டிப்போனது சுங்கம் பகுதியில் ஷெட் வைத்திருந்த காதர் பாயிடம். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. வாசலில் கம்ப்ரசர், உள்ளே பாட்டு, சுவரில் கம்பி கம்பியாய்க் கருவிகள். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மோர், காப்பி, முறுக்கு, எலுமிச்சம்பழம் எதையும் விடவில்லை. பாய் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் நின்றதற்கும் ஓடினதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். இருபது நிமிஷம், அரைமணி நேரம் இருக்கும் என்றேன்.

“அப்ப காப்பிதானுங்க இத்தன நாளா இந்தக் காரை ஓட்டிட்டு இருக்குது” என்றார் பாய்.

பிறகு சென்னியப்பனிடம் திரும்பி, இரண்டு வருஷத்தில் எங்கேயும் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட்டியதுண்டா என்று கேட்டார். சென்னியப்பன் யோசித்தார். பொள்ளாச்சிக்குப் போகிற வழியில் தங்கை வீடு, அங்கே இறங்காமல் போகமுடியாது. கோயம்புத்தூர் வருகிற வழியில் சம்பந்தி வீடு. பவானிக்கு ஜமக்காளம் வாங்கப் போன அன்றைக்குக்கூட வழியில் ஐந்து இடத்தில் காப்பி. “ஒறம்பரை ஊட்டு வாசலைத் தாண்டி எப்படீங்க போறது?” என்றார், பரிதாபமாக. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கார் நிற்கிற அளவுக்குச் சூடாக அவருடைய சொந்தக்காரர்கள் விட்டதே இல்லை.

நின்ற சூட்டோடு பார்க்கவேண்டும், ஆறவிட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்றார் பாய். ஆகவே மூன்று பேரும் கிளம்பினோம். நான் ஓட்டினேன், பாய் பக்கத்தில், சென்னியப்பன் பின்னால். பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வழியில் யார் கூப்பிட்டாலும் காப்பி கிடையாது.

பாவி கார் பொள்ளாச்சி ரோட்டில், சென்னியப்பனின் சம்பந்தி வீட்டு வாசலுக்கு நேராகப் போய் நின்றது.

சம்பந்தி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே வராமலா என்றார். அவர் மனைவி சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார். பாய் அதற்குள் பானெட்டைத் திறந்து பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தார். நெருப்பு வரவில்லை. பெட்ரோல் குழாயைப் பார்த்தார். பெட்ரோல் வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை. “காப்பியைப் பத்து நிமிசம் தள்ளிப்போடுங்க, பத்தே நிமிசம்” என்றார் சென்னியப்பனைப் பார்த்து. சென்னியப்பன் சம்பந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு வேண்டாமுங்க மாமா” என்றார்.

அந்த ரோட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சம்பந்தியின் மனைவி சொம்பைத் தாழ்த்திக்கொண்டார். சம்பந்தி திரும்பி உள்ளே போய்விட்டார். பொண்ணைக் குடுத்த இடமுங்க, இனி ஒரு மாசம் பேச மாட்டாருங்க என்று சென்னியப்பன் முணுமுணுத்தார். எனக்காக ஒருவர் தன் சம்பந்தியைப் பகைத்துக்கொண்டதைப் பார்த்ததும், போனில் நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து காதைச் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதை விடுங்க, அந்தத் தண்ணிச் சொம்பை வாங்கியாருங்க என்றார் பாய்.

ஓடிப்போய் வாங்கிவந்தேன். பாய் மல்லாந்து காருக்கு அடியில் போனார். பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக ஒரு சாமான் இருந்தது. அதன் தலையில் சம்பந்தி வீட்டுத் தண்ணீரை முழுதாக ஊற்றினார். இரண்டு நிமிஷம் பொறுத்து, இப்போது சாவியைத் திருப்பு என்றார். என்ஜின் பிடித்துக்கொண்டது.

ஷெட்டுக்கு வந்து அந்தச் சாமானைக் கழற்றினார். அதற்குப் பேர் கிராங்க் சென்சார். என்ன செய்கிறது என்று பாய் சொன்னது எனக்கே புரிந்தது. “சக்கரத்துல பல்லு இருக்குதுங்க. ஒவ்வொரு பல்லும் போறப்ப இது பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லோணும். அதை வெச்சுத்தான் எப்ப நெருப்புப் போடறது, எப்ப பெட்ரோல் உடறதுன்னு அது முடிவு பண்ணும். இவன் கண்ண மூடிட்டான்னா, என்ஜின் சுத்தவே இல்லீன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்குது.”

சந்தேகம் தீர, பக்கத்துக் கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். ஒருவழியாக இங்கேயும் உபசாரம் தொடங்குகிறது என்று நினைத்தேன். சென்சாரில் மீட்டர் வயரை மாட்டி, மீட்டர் எண் காட்டியதும், சென்சாரை டீக்குள் முக்கினார். எண் கொஞ்சம் ஏறியது, ஆடியது, திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வெளியே எடுத்து ஊதினார். எண் திரும்பி வந்தது. மறுபடி முக்கினார், மறுபடி போயிற்று. உள்ளே தலைமுடி மாதிரி கம்பி சுற்றியிருக்கும், அதில் எங்கேயோ விட்டிருக்கிறது, சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்றார். நான் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிழைப்பு ஒரு டீ டம்ளருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

புது சென்சார் மெட்ராஸிலேயே கிடைக்காது என்றார் பாய். டெல்லியிலிருந்து வரப் பத்து நாள். அப்போது சென்னியப்பன்தான், கம்பிதானே, சுற்றினால் ஆச்சு என்றார். அந்த ஊரில் எது நின்றாலும் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குத்தான் கொண்டுபோவார்கள் போல. கிணற்று மோட்டாருக்குச் செய்வதைக் கார் சென்சாருக்குச் செய்ய யாருக்குத் தோன்றும்?

கணபதி என்ற பகுதியில் அப்படி ஒரு கடை. நாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் சரோஜா என்பவரிடம் பாய் சென்சாரைக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கருப்புப் பசையைச் சூடு பண்ணிச் சுரண்டினால்தான் உள்ளே போகமுடியும், அப்போது கம்பி மொத்தமும் அறுந்தாலும் அறும் என்றார். அறுந்தால் கார் ஆறியிருந்தாலும் ஓடாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது சூடானால்தான் நிற்கிறது. சொம்புத் தண்ணீரோடு ஒருவர் ஊர்வலத்தில் கூடவே வந்து, மாப்பிள்ளை காருக்கு அடியில் படுத்து எழுந்தால் சமாளிக்கலாம். அந்த ஒருவர் யார் என்று யோசித்தேன். அதைப் பார்த்துச் சிரிக்கிற மைத்துனர் முகம்தான் வந்தது.

சுரண்டுங்கள் என்றேன்.

சரோஜா சுரண்ட ஆரம்பித்தார். நான் அவர் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டு, கை நழுவிவிட்டால், கம்பி கிடைக்காவிட்டால், கரண்ட் போய்விட்டால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: “ஏனுங்ணா, சித்த அக்கட்டப் போயி பயப்படுங்க. நீங்க உடற மூச்சுல இங்க கம்பி ஆடுது.”

வெளியே போய்ப் பயந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கம்பி வெளி வயரோடு சேருகிற முனையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டிருந்ததாம். மேல் சுற்றுகளைப் பிரித்து, பழுதான பகுதியை வெட்டி, கொஞ்சம் புதுக் கம்பி சேர்த்துச் சுற்றி, ஈயம் வைத்து, அரால்டைட் பூசிவிட்டார். காயக் காலை வரை ஆகும்.

வியாழக்கிழமை விடியும்போது பாய் அதை டீயில் முக்கினார். எண் அசையாமல் நின்றது. காரில் மாட்டி ஸ்டார்ட் பண்ணினார். ஓடியது. ஆனால் டீயின் சூடு வேறு, என்ஜின் சூடு வேறு என்றார். ஓடும்போது காற்றாவது படும், சூட்டோடு அணைத்துப்போட்டு ஐந்தாறு நிமிஷம் விட்டால்தான் சூடு மேலே ஏறும், அப்போது மறுபடி ஸ்டார்ட் ஆனால் தேறிவிட்டது என்று அர்த்தம், வழியில் எங்கேயாவது ஒரு தரம் அணைத்துப் பாருங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். சென்னியப்பன் தேங்காய்ப் பையை டிக்கியில் வைத்தார். காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிக்கொண்டார்.

வழியில் ஒரு தரம்கூட அணைக்கவில்லை. அணைத்து, அது ஸ்டார்ட் ஆகாமல் போனால்? புரோட்டாவை ஜன்னல் வழியாக வாங்கி, ஸ்டியரிங்கில் வைத்துத் தின்றேன். ஒதுங்கப் போனபோதுகூட காரை ஓடவிட்டு, கதவைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தபடியே ஒதுங்கினேன். நாலு மணிக்குத் தூத்துக்குடி. உப்புக் காற்று மூக்கில் ஏறியதும் பாதி உயிர் வந்தது. அண்ணாச்சி வீட்டில் ஓடுகிற காரையே கழுவினார்கள், ஓடுகிற காருக்கே பூ கட்டினார்கள். கம்ப்யூட்டர் சூடாக இருக்கவேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

ஊர்வலம் கிளம்பியது. மேளம் முன்னால், நான் பின்னால், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை என் பின்னால். ஒரு மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். கார் நிற்கவில்லை. பெண் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் மேளக்காரர்கள் கலர் சோடா குடிக்க நின்றார்கள். அண்ணாச்சி ஜன்னலுக்கு வந்தார்.

“ஆஃப் பண்ணுடே. அனல்ல பூவெல்லாம் வாடுது.”

“மாட்டேன் அண்ணாச்சி.”

பன்னிரண்டு வருஷத்தில் நான் சொல்லாத வார்த்தை. அண்ணாச்சிக்குக் கேட்டதா என்று சந்தேகம் வந்திருக்கும், இன்னொரு தரம் சொன்னார். நானும் இன்னொரு தரம் சொன்னேன். அவர் கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி உருவி, ஜிப்பாவில் போட்டுக்கொண்டார். மைத்துனர் கலர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து நின்றார். யாரும் அவசரப்படவில்லை. தவில்காரர் இரண்டாவது கலர் கேட்டார். பானெட்டிலிருந்து சூடு நடுங்கிக்கொண்டு மேலே ஏறுவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மேளம் தட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சாவியை நீட்டினார். செருகித் திருப்பினேன்.

அரைத் திருப்பில் பிடித்துக்கொண்டது.

சந்தோஷத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். கார் ஒரு துள்ளுத் துள்ளியது. மைத்துனர் மேலே கலர் கொட்டியது, மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணை மறைத்தது. பார்த்துப் போங்க டிரைவரே என்றார் மாப்பிள்ளை, தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு.

“கம்ப்யூட்டர் காருல்லா, எடுக்கும்போது அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அந்த நாலு வீட்டையும் தாண்டினேன்.